வீட்டுக்குப் பொருந்தாத விதி

வீட்டில் ஒரு மீடியா சர்வர் வைக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். யாரிடம் சொன்னாலும் வரும் பதில் ஒன்றுதான். "நாலு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சைஸ்ல வாங்குங்க. ரெய்டு போடுங்க. அப்புறம் கவலையே இல்ல சார்." சென்னை ரிச்சி தெருக் கடைகளில் இதைக் கேட்டிருக்கிறேன். அலுவலகங்களில் சர்வர் பார்த்துக்கொள்ளும் நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் 2 டெராபைட், 3 டெராபைட் டிஸ்க்குகளை எடுத்துக் காட்டினால், "சைஸ் கலந்து போடக் கூடாது, இதையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்பார்கள்.

இதைச் சொல்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் அது சரியான விதி. படமும் பாட்டும் குடும்ப வீடியோவும் இருக்கும் வீட்டுச் சர்வருக்கு அந்த விதி பொருந்தாது. வாங்கிய இடத்தில் பாதிக்கு மேல் வீணாக்குகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் ஆபத்தையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து குவிக்கிறது. எல்லாவற்றையும்விட மோசமாக, பேக்கப் எடுக்க வேண்டும் என்ற நினைப்பையே மழுங்கடிக்கிறது. அளவு கலந்த டிஸ்க்குகளைத் தனித்தனியே நிற்கவிட்டுக் கட்டும் சர்வர்தான் வீட்டுக்கு ஏற்றது என்பது என் கட்சி. காசில்லாதவர் செய்யும் சமாளிப்பு என்று அதை ஒதுக்குபவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

நம் வீடுகளில் டிஸ்க் எப்படிச் சேருகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். பழைய டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றியது ஒன்று. கல்யாண வீடியோவைப் போட்டுக் கொண்டுவர வாங்கியது ஒன்று. அது நிறைந்ததும் இன்னொன்று. ஏதோ ஒரு தீபாவளித் தள்ளுபடியில் பெரியதாக ஒன்று. என் மேஜையில் இப்படிச் சேர்ந்தவை ஐந்து: 8, 4, 4, 3, 2 டெராபைட். மொத்தம் 21. இந்த ஐந்தை வைத்தே பேசுகிறேன்; கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

ஐந்தையும் ரெய்டு 5-இல், அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்படி ஒன்றாகக் கட்டினால் என்ன கிடைக்கும்? ரெய்டு ஒவ்வொரு டிஸ்க்கையும் அந்தக் கூட்டத்திலேயே சின்ன டிஸ்க்கின் அளவாகத்தான் பார்க்கும். எனவே 8-ம் 2, 4-ம் 2, 3-ம் 2. அதில் ஒரு டிஸ்க் அளவு, செத்த டிஸ்க்கை மீட்க எழுதிவைக்கும் பேரிட்டிக் கணக்குக்குப் போய்விடும். மிஞ்சுவது 8 டெராபைட். 11 டெராபைட் இடம் தொடப்படாமலே கிடக்கும். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போட்டால் 6 டெராபைட்தான். இந்தக் கணக்கைக் காட்டித்தான் "பார்த்தீங்களா, அதனாலதான் கலக்கக் கூடாதுங்கறோம்" என்கிறார்கள். கணக்கு சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. ஐந்து டிஸ்க்கில் 11 டெராபைட்டை வீணாக்கும் முறையைக் கையில் வைத்துக்கொண்டு டிஸ்க்குகளைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? மாற்ற வேண்டியது முறையை.

ரெய்டு பிறந்த கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1988-இல் பெர்க்லியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் மூவரும் அந்தப் புகழ்பெற்ற ஆய்வறிக்கையை வெளியிட்டார்கள். ஐபிஎம் 3380 என்ற பெரிய மெயின்ஃப்ரேம் டிஸ்க் 7.5 ஜிகாபைட் கொள்ளும்; விலையோ மிகப் பெரியது. பெர்சனல் கம்ப்யூட்டர்களுக்கு வந்த கானர் நிறுவனத்தின் சின்ன டிஸ்க் 100 மெகாபைட்தான், ஆனால் மலிவு. இந்த மலிவு டிஸ்க்குகளைப் பலவாகக் கூட்டி அந்தப் பெரிய டிஸ்க்கை வெல்லலாம் என்பதே அவர்கள் வாதம். ரெய்டு என்ற பெயரில் உள்ள 'ஐ' எழுத்து அன்றைக்கு மலிவு என்ற சொல்லைக் குறித்தது. பிற்பாடுதான் தொழில்துறை அதைத் தனித்தியங்கும் என்ற சொல்லாக மாற்றிக்கொண்டது. இருப்பதை வைத்து மலிவாகக் கட்டுவதற்காகப் பிறந்த முறையின் பெயரைச் சொல்லித்தான் இன்று கையில் இருப்பதைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

சரி, ஒரே அளவு என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது? ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி எல்லா டிஸ்க்கிலும் வரிசை வரிசையாகப் பரப்புவதிலிருந்து வந்தது. ஒரு வரிசைக்கு எல்லா டிஸ்க்கிலும் ஒரு துண்டு வேண்டும். சின்ன டிஸ்க் முடிந்த இடத்தில் வரிசையும் முடிந்துவிடும். நிபந்தனையின் வேர் அது ஒன்றே. ஃபைலைப் பரப்பாமல், ஒரு படம் முழுவதையும் ஒரே டிஸ்க்கில் வைத்தால் அந்த நிபந்தனைக்கு வேலையே இல்லை.

பரப்பாவிட்டால் பேரிட்டி எப்படி என்று கேட்பார்கள். பேரிட்டிக்கும் பரப்புவதற்கும் கட்டாய உறவு எதுவும் கிடையாது. மூன்று டிஸ்க்கில் ஒரே இடத்தில் 5, 7, 4 என்று எண்கள் இருப்பதாக வையுங்கள். நான்காவது டிஸ்க்கில் கூட்டுத்தொகை 16 என்று எழுதுங்கள். 7 இருந்த டிஸ்க் செத்துவிட்டால் 16-இலிருந்து 5-ஐயும் 4-ஐயும் கழித்து 7-ஐ மீட்டுக்கொள்ளலாம். உண்மையில் நடப்பது கூட்டல் இல்லை, பிட்டுகளின் மேல் நடக்கும் ஒரு எளிய கணக்கு. ஆனால் தத்துவம் இதுதான். சின்ன டிஸ்க் முடிந்த இடத்துக்கு அப்பால் அதன் எண்ணைப் பூஜ்யம் என்று கொண்டால் போதும், கூட்டல் தடையில்லாமல் நடக்கும். நிபந்தனை ஒன்றே ஒன்று: பேரிட்டி எழுதும் டிஸ்க் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாக, அல்லது அவற்றில் பெரியதற்குச் சமமாக இருக்க வேண்டும். என் மேஜையில் 8-ஐப் பேரிட்டிக்குக் கொடுத்தால் 4, 4, 3, 2 நான்கும் முழுசாக எனக்கு. 13 டெராபைட்.

இது கனவுத் திட்டமும் இல்லை, நேற்று முளைத்ததும் இல்லை. அன்ரெய்டு 2005-இலிருந்து இதைச் செய்கிறது. ஆண்ட்ரியா மட்சோலேனி எழுதிய ஸ்னாப்ரெய்டு 2011-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. விரும்பினால் ஆறு பேரிட்டி டிஸ்க் வரை வைத்துக்கொள்ளலாம். தனித்தனி டிஸ்க்குகளை ஒரே ஃபோல்டராகக் காட்ட மெர்ஜர்எஃப்எஸ் இருக்கிறது. படம் ஓட்டும் மென்பொருளான ஜெல்லிஃபினுக்கோ பிளெக்ஸுக்கோ பின்னால் ஐந்து டிஸ்க் இருப்பதே தெரியாது.

அடுத்து வேகம். இதை நீட்ட வேண்டியதில்லை. 4கே புளூ-ரே டிஸ்க்கின் உச்ச வேகமே நொடிக்கு 144 மெகாபிட், அதாவது 18 மெகாபைட். சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று நொடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் தொடர்ச்சியாகப் படிக்கும். வீட்டு ஜிகாபிட் நெட்வொர்க்கில் ஏறக்குறைய 110 மெகாபைட்தான் போகும். ஒற்றை டிஸ்க்கே கம்பியை நிரப்பிவிடும்போது நாலு டிஸ்க்கைச் சேர்த்து வேகம் கூட்டி யாருக்கு லாபம்? ஹாலில் ஒருவரும் அறையில் ஒருவரும் ஒரே சமயத்தில் படம் பார்ப்பதுதான் வீட்டின் உச்சக்கட்டச் சுமை.

பாதுகாப்பு என்ற வாதத்தைத்தான் நிதானமாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஜனங்கள் நம்பி ஏமாறுவது அங்கேதான்.

என் மச்சான் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அறிவுரைப்படியே நடந்தவர் அவர். ஒரே கடை, ஒரே நாள், ஒரே மாடல், நாலு 4 டெராபைட் டிஸ்க், ரெய்டு 5. நாலாவது வருடம் ஒரு டிஸ்க் போனது. பதறவில்லை, அதற்குத்தானே ரெய்டு? புது டிஸ்க் வாங்கி மாட்டி, மீட்கும் வேலையை ஓடவிட்டுப் படுத்தார். விடிவதற்குள் இரண்டாவது டிஸ்க்கும் விழுந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு டிஸ்க்கும் இன்று வரை நன்றாகச் சுற்றுகின்றன. அவற்றில் இருப்பவை மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று வெட்டுப்பட்ட துண்டுகள். ஒரு பாட்டைக்கூட முழுசாக எடுக்க முடியவில்லை. பெண்ணின் காதுகுத்து வீடியோ அதில் இருந்தது. வேறெங்கும் இல்லை. "ரெய்டு இருக்கேன்னு இருந்துட்டேன் மாப்ள" என்றார். அந்த வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்தது.

இதைக் கெட்ட நேரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே தொழிற்சாலையில் ஒரே சமயத்தில் பிறந்து, ஒரே பெட்டியில் ஒரே சூட்டில் ஒரே மணி நேரம் ஓடிய நாலு டிஸ்க்குகள் ஒன்றையொன்று ஒட்டியே சாகும் வாய்ப்பு அதிகம். 2007-இல் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறக்குறைய ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 1988 அறிக்கை எழுதிய மூவரில் ஒருவரான அதே கிப்சன். கம்பெனித் தாள்கள் சொன்னதைவிட டிஸ்க்குகள் அதிகம் மாற்றப்பட்டிருந்தன. ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் சாதாரணமாகக் காணப்பட்டது. அதைவிட முக்கியமாக, ஒன்று விழுந்தால் அதை ஒட்டி இன்னொன்றும் விழும் போக்கு அந்தப் பதிவுகளில் தெரிந்தது. ஒவ்வொரு சாவும் தனித்தனி என்று வைத்துப் போட்ட பழைய கணக்கு நடைமுறையில் நிற்கவில்லை.

ஒரே மாதிரி வாங்குவதன் உச்சக்கட்ட ஆபத்து 2019 நவம்பரில் வெளிப்பட்டது. ஹெச்பி என்டர்பிரைஸ் தன் சில எஸ்எஸ்டி மாடல்களின் உள்மென்பொருளில் பிழை இருப்பதாக அறிவித்தது. சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், அந்த எஸ்எஸ்டி நின்றுவிடும். அதிலிருந்ததையும் மீட்க முடியாது. ஒன்றாக மாட்டியவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிற்கும். ரெய்டு 5, ரெய்டு 6 எதுவும் அங்கே உதவாது. அது பெரிய நிறுவனங்களுக்கான சரக்கு. நம் வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தப் பிழை கிடையாது. ஆனாலும் நாலும் ஒன்றுபோல் என்பது ஒரே குறையை நாலு மடங்கு வாங்குவதாகவும் முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். பெட்டியில் ஒட்டிய பெயரை நம்பி வாங்குவதும் அப்படியே. சர்வருக்கு உகந்தது என்று விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள், தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. ரெய்டை மீட்கும் வேலையில் அந்த வகை திணறும்.

வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு கம்பெனியில் வாங்கிய என் ஐந்து டிஸ்க்குகளுக்குள் இப்படிப் பொதுச் சாவு வருவது அரிது. கலப்பே ஒரு காப்பு. மச்சானுக்கு நேர்ந்ததுபோல் இரண்டு ஒன்றாகப் போனாலும் அந்த இரண்டில் இருந்தவைதான் போகும். மற்றவற்றைக் கழற்றி, யூஎஸ்பி வழியாக ஏதாவது ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகினால் படம் படமாக, பாட்டு பாட்டாக அப்படியே இருக்கும். ரெய்டு 5-இல் தாங்கும் எல்லையைத் தாண்டினால் மொத்தமும் போகிறது. இங்கே எல்லையைத் தாண்டினால் பங்கு போகிறது. வீட்டுக்கு இந்த வித்தியாசம்தான் உயிர்.

என் பக்கத்தினர் வழக்கமாக எடுக்கும் ஒரு வாதத்தை நான் எடுக்கப் போவதில்லை. பெரிய டிஸ்க்கை முழுசாகப் படித்தால் எங்காவது ஒரு பிட் படிக்க முடியாமல் போகும், அதனால் 2009-க்குப் பிறகு ரெய்டு 5 வேலையே செய்யாது என்று 2007-இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 12.5 டெராபைட்டுக்கு ஒரு பிழை என்று கம்பெனி தருவது பிழைக்கான மேல்வரம்பு. நடப்பில் டிஸ்க்குகள் அதைவிட மிக நன்றாகவே படிக்கின்றன. பொய்யான பயத்தைக் காட்டி மெய்யான வாதத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. 8 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் முழுசாக மீட்க 15 மணி நேரம் ஆகும். வயதான மற்ற டிஸ்க்குகள் அவ்வளவு நேரமும் இடைவிடாமல் ஓட வேண்டும். கவலைக்கு அதுவே போதும். ஸ்னாப்ரெய்டில் மீட்கும்போதும் எல்லா டிஸ்க்கும் ஓடித்தான் ஆக வேண்டும். அதையும் மறைக்க மாட்டேன்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் வேறு. "உங்க ஸ்னாப்ரெய்டு உடனுக்குடன் காக்காதே? ராத்திரி சிங்க் ஓடினால்தானே பேரிட்டி? அதற்கு நடுவில் டிஸ்க் போனால்?" உண்மை. இன்று மாலை ஏற்றிய படம் இரவு சிங்க் ஓடும் வரை பாதுகாப்பில் இல்லை. இன்னும் ஒரு நுணுக்கமான குறையும் உண்டு. பலர் அதைச் சொல்வதில்லை. கடைசி சிங்குக்குப் பிறகு ஒரு டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை அழித்திருந்தீர்கள், அதற்குள் வேறொரு டிஸ்க் செத்துவிட்டது என்றால், அழித்த பகுதியோடு சேர்த்துக் கணக்கிட்டிருந்த பேரிட்டி அந்த இடங்களில் உதவாது. மேலே சொன்ன கூட்டலில் 5-ஐ அழித்துவிட்டு 7-ஐத் தேடுவது மாதிரி. எனவே நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் சரக்குக்கு இந்த முறை ஆகாது. கடைக் கணக்கு, டேட்டாபேஸ், எடிட்டிங் ஸ்டுடியோவில் ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் ரெய்டு அல்லது அதே வேலையைத் தானே செய்யும் இசட்எஃப்எஸ்தான் சரி. அங்கே ஒரே அளவு டிஸ்க் வாங்குங்கள் என்று நானே சொல்வேன்.

ஆனால் வீட்டுச் சர்வரில் இருப்பவை எப்படிப்பட்டவை? ஒரு முறை எழுதி நூறு முறை பார்ப்பவை. பத்து வருடத்துக்கு முன் ஏற்றிய படத்தின் ஒரு பிட்கூட இன்று வரை மாறியிருக்காது. மாறாத சரக்குக்கு நொடிக்கு நொடி காவல் எதற்கு? அதுமட்டுமில்லை, குறை என்று சொல்லப்படும் அந்தத் தாமதமே வீட்டில் ஒரு வரம். வீட்டில் ஃபைல் தொலைவது டிஸ்க் செத்து மட்டும் இல்லை. தவறான ஃபோல்டரில் டெலிட் அழுத்தியும் தொலைகிறது. ரெய்டு அந்த அழிப்பையும் அந்த நொடியே எல்லா டிஸ்க்கிலும் விசுவாசமாக நிறைவேற்றிவிடும். ஸ்னாப்ரெய்டில் அடுத்த சிங்க் ஓடுவதற்குள் நினைவு வந்தால் அழித்ததை மீட்டுவிடலாம்.

அழிப்பின் விலையை அறிய 1998-இல் பிக்சாரில் நடந்ததை நினைத்துக்கொள்ளலாம். 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பில் இருந்தபோது யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைப் பார்த்தால் அது சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை. படத்தைக் காப்பாற்றியது குழந்தை பிறந்து வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த கேலின் சூஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நகல். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். காத்தது வேறோர் இடத்தில் இருந்த ஒரு நகல். எந்த ரெய்டும் தர முடியாதது அதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய வீடுகளில் ஒரு டிஸ்க் இருந்தாலும் எட்டு டிஸ்க் இருந்தாலும் முழுகியது முழுகியதே.

அறுவடை முடிந்ததும் நம் விவசாயிகள் விதைநெல்லை வைக்கோலில் சுற்றிக் கோட்டை கட்டித் தனியாக வைப்பார்கள். சாப்பாட்டு நெல் குதிருக்கும் பத்தாயத்துக்கும் போகும். பத்தாயத்து நெல் குறைந்தால் வாங்கிக்கொள்ளலாம். விதைநெல் போனால் அந்த ரகமே போயிற்று. சர்வர் கட்ட உட்காருபவர் டிஸ்க் அளவை யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய பிரிப்பு இதுதான். விலைக்கு வாங்கிய புளூ-ரேயிலிருந்து எடுத்த படம் சாப்பாட்டு நெல். டிஸ்க் போனால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், சில வாரம் வேலை, அவ்வளவுதான். தாத்தா பேசிய கேசட்டிலிருந்து மாற்றிய ஆடியோ, கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள் விதைநெல். ஒரே அளவு டிஸ்க், ஒரே ரெய்டு என்ற அறிவுரை இரண்டையும் ஒரே பத்தாயத்தில் கொட்டி, இரண்டுக்கும் ஒரே காவலைப் போடுகிறது. சாப்பாட்டு நெல்லுக்கு அது தேவைக்கு மேல். விதைநெல்லுக்கு அது போதாது.

என் ஐந்து டிஸ்க்கை இப்படிப் பிரித்திருக்கிறேன். 8 பேரிட்டி. 4, 4, 3 மூன்றும் சரக்கு, ஆக 11 டெராபைட். 2 டெராபைட் சர்வரிலேயே இல்லை. என் குடும்பத்து விதைநெல் எல்லாம் சேர்த்து 1.3 டெராபைட்தான், அதன் ஒரு நகல் முதல் 4-இல், இன்னொன்று இரண்டாவது 4-இல், மூன்றாவது அந்த 2 டெராபைட்டில் ஏறி வேறு ஊரில் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது புதுப்பிக்கிறேன். இரண்டாவது நகலுக்கான இடத்தைக் கழித்தாலும் 9.7 டெராபைட் மிஞ்சுகிறது. இதே ஐந்தில் ரெய்டு 5 எனக்குக் கொடுத்திருக்கக்கூடியது 8. சின்னதைக் கழற்றிவிட்டு மற்ற நாலைக் கட்டினாலும் 9. "கூட்டத்தையே கீழே இழுக்கும்" என்று தள்ளச் சொன்ன அந்தச் சின்ன டிஸ்க்தான் இன்று என் வீட்டின் மிக மதிப்பான டிஸ்க்.

சரக்கை எப்படி அடுக்குவது என்பதிலும் ஒரு நயம் இருக்கிறது. மெர்ஜர்எஃப்எஸ்ஸுக்கு, ஒரு ஃபோல்டர் எந்த டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கிறதோ புதிய ஃபைலையும் அங்கேயே போடு என்று சொல்லிவைக்கலாம். ஒரு தொடரின் எல்லாப் பாகங்களும், அவற்றின் சப்டைட்டில்களும் ஒரே டிஸ்க்கில் சேரும். டிஸ்க் போனால் எந்தெந்தத் தொடர் போனது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எல்லாத் தொடரிலும் மூன்றாம் பாகம் மட்டும் இல்லை என்ற கொடுமை நேராது. இதற்குக் கொடுக்கும் விலை, ஒரு டிஸ்க் நிறையும்போது மற்றவற்றில் இடமிருந்தும் எழுத முடியாமல் நிற்கலாம். குறைந்தபட்சக் காலியிடம் என்று ஓர் எல்லை குறித்துவைத்து, அவ்வப்போது ஒரு தொடரை முழுசாக வேறு டிஸ்க்குக்கு நகர்த்தினால் போதும். டிஸ்க்குகளை முட்ட முட்ட நிரப்பாதீர்கள். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் பேரிட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும்.

கரண்ட் செலவும் இந்தப் பக்கமே பேசுகிறது. சும்மா சுற்றும் ஒரு 3.5 அங்குல டிஸ்க் ஏறக்குறைய 5 வாட் இழுக்கும். ரெய்டில் ஒரு பாட்டு கேட்கக்கூட எல்லா டிஸ்க்கும் சுற்ற வேண்டும். ஐந்து டிஸ்க் இரவு பகல் சுற்றினால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட். 2016-இல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இலவசமாக்கப்பட்ட 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது. தனித்தனி டிஸ்க் முறையில் பார்க்கும் படம் இருக்கும் டிஸ்க் மட்டும் விழிக்கும், மற்றவை உறங்கும். நிமிடத்துக்கு நிமிடம் உறங்கி விழிக்க வைப்பது மோட்டாருக்கு நல்லதில்லை என்பதால் ஒரு மணி நேரம் கழித்து உறங்கும்படி வைத்திருக்கிறேன்.

வளர்ச்சிக்கு வருவோம். அடுத்த வருடம் 12 டெராபைட் ஒன்று வாங்கினால் அது பேரிட்டி ஆகும். புதுப் பேரிட்டி முழுசாக எழுதி முடிந்த பிறகு, அதற்கு முன் இல்லை, பழைய 8 சரக்குப் பக்கம் வரும். 3 ஓய்வு பெற்று இன்னொரு வெளியூர் நகலாகும். 8, 4, 4 என்று 16 டெராபைட். இதே நாலு டிஸ்க்கில் ரெய்டு 5 என்றால் 12 டெராபைட். அதற்கு மேல் வேண்டுமென்றால் அந்த இரண்டு 4-ஐயும் மாற்ற வேண்டும். இசட்எஃப்எஸ்ஸில் இப்போது ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்கலாமே என்பவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் வந்த 2.3 பதிப்பில் அந்த வசதி வந்தது உண்மை. எண்ணிக்கையைக் கூட்டத்தான் அது உதவுகிறது. ஒரு கூட்டத்துக்குள் அளவு எப்போதும் சின்னதன் கணக்கே. சினாலஜியின் எஸ்ஹெச்ஆரும், பிடிஆர்எஃப்எஸ்ஸின் ரெய்டு 1-உம் கலப்பை ஏற்கின்றன. என் ஐந்தில் முதலாவது 13, இரண்டாவது 10.5 டெராபைட் தரும். நல்ல முயற்சிகள்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே உடம்பாக்கிவிடுவதால், எல்லை தாண்டினால் மொத்தமும் போகும் ஆபத்து அங்கேயும் தொடர்கிறது.

கலப்பு டிஸ்க்கை ஏற்கிறது என்பதற்காக மட்டும் எதையும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு டிரோபோ சாட்சி. 2007-இல் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டி எந்த அளவு டிஸ்க்கையும் ஏற்றது. என் கட்சிக்கு முன்னோடி என்றே சொல்லலாம். ஆனால் உள்ளே எழுதும் முறை அந்தப் பெட்டிக்கு மட்டுமே தெரிந்தது. தாய் நிறுவனம் 2022-இல் திவாலுக்குப் போய், 2023-இல் சொத்துகளை விற்றுக் கலைக்கும் நிலைக்கு வந்தது. பெட்டி பழுதானால் டிஸ்க் நன்றாக இருந்தும் எளிதில் படிக்க வழியில்லை. டிஸ்க்கில் இருப்பது எந்த லினக்ஸும் படிக்கும் சாதாரண எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ்ஸாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். நான் இல்லாத நாளில் என் மகள் எந்த மென்பொருளையும் கற்காமல், தெரிந்த பையன் ஒருவனிடம் கொடுத்து அந்த டிஸ்க்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

பழைய டிஸ்க்கை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டிஸ்க் தானே வைத்திருக்கும் ஆரோக்கியக் குறிப்பில் 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கிவிட்டால் அதற்கு விடை கொடுத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை முழு ஸ்க்ரப் ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஃபைலின் கணக்கையும் ஸ்னாப்ரெய்டு சரிபார்த்து, சத்தமில்லாமல் கெட்டுப்போனதையும் பிடித்துக் கொடுக்கும். அதைச் செய்ய முடியாதவருக்கு எந்த முறையும் பாதுகாப்பு இல்லை.

இனி கடையில் "நாலும் ஒரே சைஸா வாங்குங்க" என்று சொன்னால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று இன்றிரவே தேடுங்கள். அது ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் இருந்தால், சர்வர் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, அலமாரியில் கிடக்கும் அந்தச் சின்ன டிஸ்க்கை எடுத்து முதலில் அதில் ஒரு நகல் எடுங்கள்.